ஜூன் மாதத்துக் கம்பிவேலி

ஈஸ்ட் கார்வர், வெர்மான்ட்
ஜனவரி 10, 1979

திரு. லோரிங் அவர்களுக்கு,

நேற்று தபால் நிலையத்தில் ஹேசல், முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "வெர்னா, உன் நைட்டி ஜூன் மாசம் பூரா தொங்குது, பாத்தியாடி?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னது தீவனக் கடையில் இந்த வருடம் கொடுத்த காலண்டரை. வீட்டுக்கு வந்து ஜூன் பக்கத்தைப் புரட்டினேன். என் குன்று. கீழே உங்கள் கையெழுத்து.

நான் யாரென்று மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தில் தினமும் ஓவிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேய்ச்சல் நிலத்தில் உட்கார்ந்து வரைந்தீர்களே, அந்த நிலத்தின் சொந்தக்காரி. காலையில் காப்பி கொடுத்தவள். நீங்கள் குடித்துவிட்டுக் கோப்பையைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போவீர்கள்.

நைட்டியைப் பற்றி எழுதவில்லை. கம்பியைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த ஜூனில் பாதி நிலத்தை வைக்கோலுக்கு விடலாம் என்று நடுவே புதிதாக முள்கம்பி இழுத்தோம். கட்டியது என் தம்பி ஆர்லோ. குதிரைகள் பத்து வருடமாகத் தடையில்லாமல் ஓடிய இடம் அது. புதுக் கம்பி இழுத்தால் குதிரை கண்ணுக்குப் படுகிற மாதிரி கந்தல் கட்டவேண்டும். குதிரை வைத்திருக்கிற எவனும் இங்கே இதைச் செய்யாமல் தூங்கப் போகமாட்டான். தன்னுடைய பழைய சிவப்பு ஃபிளானல் சட்டைகளைக் கிழித்துக் கட்டியதாக ஆர்லோ சொன்னான்.

நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று சாயங்காலம் இடி இடித்தது. இரண்டு குதிரைகளும் மிரண்டு ஓடின. பார்னி நின்றுவிட்டது. ஜூனி நேரே போய்க் கம்பியில் விழுந்தது. முன்னங்கால் நரம்பு அறுந்து தொங்கியது. ஆர்லோவால் முடியாததால் துப்பாக்கியை நான்தான் எடுத்தேன். ஜூனி விழுந்த சரிவில் ஒரு கந்தல் கூட இல்லை. ஒழுங்காகக் கட்டாமல் காற்றில் போய்விட்டது என்று நினைத்தேன். தம்பியிடம் அதைச் சொன்னேன். அவன் இப்போது என்னோடு இல்லை.

இப்போது உங்கள் படத்தைப் பார்க்கிறேன். கம்பியில் ஒவ்வொரு முள்ளும் இருக்கிறது. கம்பத்தில் ஆணி அடித்த இடம் கூட இருக்கிறது. கந்தல் ஒன்று கூட இல்லை. ஏன் என்று தெரிந்தாகவேண்டும்.

வெர்னா டட்டன்

*

பாஸ்டன்
ஜனவரி 19

மிஸ் டட்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் ஓவியம் மாட்டுத் தீவனக் கடைச் சுவர்களில் தொங்குவது உங்களை விட எனக்குத்தான் அதிக வேதனை. அனுமதி கொடுத்தது என் முகவர். அவரைக் கண்டித்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் மிக எளியது. ஓவியன் நில அளவைக்காரன் அல்ல. அந்தச் சரிவு, அதன் கீழே நிழல் விழும் ஓடை, பின்னால் மேப்பிள் மரங்களின் வரிசை, இவற்றுக்கு நடுவே சிவப்பாக எதுவோ படபடத்துக்கொண்டிருந்தால் கண் அதை விட்டு நகராது. ஆகவே கந்தல்களைப் படத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். உலகத்தின் எல்லா ஓவியர்களும் செய்வதுதான் இது. இதில் மர்மம் ஏதுமில்லை.

உங்கள் குதிரைக்காக வருந்துகிறேன். உங்கள் தம்பியை எனக்கு நினைவிருக்கிறது. நான் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று, "வானம் இம்புட்டு மஞ்சளாவா இருக்கு?" என்று கேட்பார். கேட்காமலே கருத்துச் சொல்பவர்கள் கட்டும் முடிச்சு உறுதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் முதல் எண்ணமே சரியாக இருந்திருக்கலாம்.

நம் கடிதப் போக்குவரத்து இத்துடன் முடியட்டும்.

கிரஹாம் லோரிங்

*

ஈஸ்ட் கார்வர்
ஜனவரி 25

திரு. லோரிங் அவர்களுக்கு,

நீங்கள் முடியட்டும் என்றால் முடிந்துவிடுமா?

அந்த ஜூனில் எங்கள் ஊர்ப் பண்ணையாளர் கூடத்தில் நீங்கள் பேசினீர்கள். நான் அவித்த பீன்ஸைத்தான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீர்கள். நெஞ்சில் கை வைத்து என்ன சொன்னீர்கள்? "கண்ணுக்கு முன்னால இருக்கிறதை நான் விடவே மாட்டேன். சாணி வண்டி நின்னா சாணி வண்டியும் படத்துல வரும். அழகுக்காக ஒரு சுள்ளியைக் கூட மறைக்க மாட்டேன். மறைக்கிறவன் ஓவியன் இல்லை, பொய்யன்." எல்லோரும் கை தட்டினோம். ஆர்லோ விசிலே அடித்தான்.

அதைத்தான் செய்திருக்கிறீர்கள். மேப்பிள் சாறு காய்ச்சும் குடிசை வாசலில் ஓட்டை வாளி கிடக்கிறது. பின்னால் கொடியில் என் நைட்டி, அக்குள் கிழிந்தது கூடத் தெரிகிறது. ஹேசல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். ஒரு கிழவியின் கிழிந்த நைட்டியை விட மனம் வராதவர், சிவப்புக் கந்தலை மட்டும் விட்டுவிட்டீர்களாக்கும்.

பள்ளிக்கூடத்து நூலகத்தில் பாஸ்டன் பத்திரிகை வருகிறது. மார்ச்சில் உங்கள் கண்காட்சியாம். இந்தக் குன்றுதான் முதல் படமாம். "எதையும் விடாத ஓவியர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் கடிதம் என்னிடம் இருக்கிறது. விட்டுவிட்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை அந்தப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா?

ஒன்று நீங்கள் படத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும். அல்லது கம்பியில் கந்தல் இல்லாமல் செய்துவிட்டு அதை அப்படியே வரைந்திருக்க வேண்டும். எது என்று சொல்லுங்கள்.

எனக்குக் குதிரை திரும்ப வராது. எனக்கு வேண்டியது ஆர்லோ. ஜூனி செத்த அன்று கால்நடை டாக்டர் முன்னாலேயே அவனை, "கந்தல் கட்டக் கூடத் துப்பில்ல, இதுல பொய் வேற!" என்று கத்தினேன். அவன், "கட்டினேன்க்கா," என்றான். ஒரே ஒரு தடவை சொன்னான். அவன் பையை எடுத்து லாரியின் பின்தட்டில் எறிந்தேன். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு காகித ஆலையில் இருக்கிறான் என்று கேள்வி. நான் எழுதும் கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன. நான் சொன்னால் இனி அவன் கேட்கமாட்டான். நீங்கள் எழுதுங்கள். நடந்ததை அப்படியே எழுதுங்கள். அதுதான் உங்களுக்குக் கை வந்த கலை ஆயிற்றே.

வெர்னா டட்டன்

*

பாஸ்டன்
பிப்ரவரி 6

மிஸ் டட்டன்,

மிரட்டல் கடிதம் எழுதும் கலையில் உங்களுக்கு இவ்வளவு தேர்ச்சி இருப்பது தெரிந்திருந்தால் உங்கள் காப்பியைக் குடித்திருக்க மாட்டேன்.

என்னைப் பொய்யன் என்று பத்திரிகையில் எழுத விடமாட்டேன். ஆகவே உண்மையைச் சொல்கிறேன். என் படத்தில் பொய் இல்லை. நான் வரையும்போது அந்தக் கம்பியில் கந்தல் இருக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

முதல் நான்கு நாளும் அவற்றோடுதான் போராடினேன். காற்றடித்தால் அவை ஆடும். ஆடுவதை வரைய முடியாது. வரையாமல் விடவும் முடியாது. என் கொள்கை அது. அதற்காக வறுமை அனுபவித்திருக்கிறேன். கடைசியில் சரிவில் இருந்தவற்றை மட்டும் நீக்கி வண்ணப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். முடித்ததும் திரும்பக் கட்டிவிட நினைத்தேன். கடைசி நாள் பிற்பகல் மேகம் கறுத்துவிட்டது. கேன்வாஸ் நனைந்துவிடும் என்று அவசரமாகக் காரில் ஏற்றினேன். பெட்டியைப் பாஸ்டனில்தான் திறந்தேன். அதன்பின் ஒரு குதிரைக்காக யாரும் என்னைத் தேடி வரவில்லை. நான் எப்படி அறிவேன்?

இதோ உங்கள் சொத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றிரண்டில் தூரிகை துடைத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

உங்கள் தம்பிக்கு எழுத முடியாது. அப்படி ஒரு கடிதம் வெளியே போனால் கண்காட்சியில் படத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், கந்தலைப் பற்றித்தான் பேசுவார்கள். தவிர, ஒன்று கேட்கிறேன். கந்தலை எடுத்தவன் நான். சரி. பையை லாரியில் எறிந்தது யார்? எனக்கு உங்கள் தம்பியோடு பழக்கம் இரண்டு வாரம். உங்களுக்கு? நான் ஒரு மறதிக்காரன். நீங்கள் செய்தது மறதி அல்ல.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அந்த அளவு நாகரிகத்தை உங்களிடம் எதிர்பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கிரஹாம் லோரிங்

*

ஈஸ்ட் கார்வர்
பிப்ரவரி 14

லோரிங்,

இனி உனக்கு 'அவர்களும்' கிடையாது, 'திருவும்' கிடையாது.

பொட்டலத்தைச் சமையலறை மேசையில் பிரித்தேன். நீ அவிழ்க்கவில்லை. கத்தியால் அறுத்திருக்கிறாய். அதனால் முடிச்சு ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு தரம் செருகி, பல்லால் கடித்து இறுக்கியிருக்கிறான். ஒரு முடிச்சைப் பிரித்துப் பார்க்கலாம் என்று முள்கரண்டியால் நோண்டினேன். முடியவில்லை. இதைத்தான் நான் காற்றில் போயிற்று என்றேன். நீயும் இது தெரிந்துகொண்டேதான் உறுதியில்லாத முடிச்சு என்று எழுதினாய். அறுத்த கைதானே எழுதிற்று?

மேசையில் தலையை வைத்து அழுதேன். உனக்கு இதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், உன்னால் ஒருத்தி அழுதாள் என்று உனக்குத் தெரியட்டும்.

பையை எறிந்தது யார் என்று கேட்டாய். நான்தான். அதை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் நான் இல்லை. தினமும் பால் கறக்கும்போது இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறேன். போன மார்ச்சில் சாறு இறக்க மேப்பிள் மரத்தில் ஒரு வாளி கூடத் தொங்கவிடவில்லை. சாறு வண்டியை இழுக்க இரண்டு குதிரை வேண்டும், ஓட்ட ஒருவன் வேண்டும். பார்னி இன்னும் ஜூனியின் இடத்தை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறது.

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. கந்தல்களோடு சேர்த்து ஒரு டப்பாவில் வைத்து ஆர்லோவுக்கு அனுப்பிவிட்டேன். விலாசத்தை ஹேசலை விட்டு எழுதச் சொன்னேன். என் கையெழுத்தைப் பார்த்தால்தானே திருப்பி அனுப்புவான். ஹேசல் எழுதிக்கொண்டே, "உள்ள என்னடி?" என்றாள். "ஆர்லோவோட சட்டை," என்றேன்.

நாகரிகத்தை எதிர்பார்த்தாய் அல்லவா, நன்றாக எதிர்பார்.

வெர்னா

*

பாஸ்டன்
மார்ச் 12

மிஸ் டட்டன்,

உங்கள் ஏற்பாடு வெற்றிகரமாக முடிந்தது. நடந்ததைச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இல்லை. ஆனால் முழுவதையும் நீங்கள் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அது நல்ல ஆசை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கண்காட்சி திறந்த மாலை கூடம் நிறைந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்போது உங்கள் தம்பி வந்தார். கம்பளிச் சட்டையும் ஆலைப் பூட்ஸும் போட்டிருந்தார். கையில் அந்த டப்பா. கூட்டம் தானாக விலகிக்கொண்டது. என்னை அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒயின் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றேன்.

என்னை அவர் பார்க்கவே இல்லை. படத்துக்கு நேரே போனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கம்பி தொய்ஞ்சிருக்கிறது கூடச் சரியா இருக்கு. அந்த மூணாவது கம்பம் எப்பவுமே தகராறு," என்றார். வேறு யாரும் அன்று அந்தப் படத்தை அப்படிப் பார்க்கவில்லை.

அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போய், நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். நின்றபடியே சொன்னேன். அவர், "தெரியும்," என்றார்.

"கடிதத்துல படிச்சீங்களா?"

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். ஜூனிய மூடிட்டு வேலியோரம் நடந்து பாத்தேன். கம்பில ஊதாப் பெயிண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்க பண்ணையில ஊதாப் பெயிண்டுக்கு எங்க போறது?"

அப்படியானால் உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன், ஒன்றையும் விடாமல்.

"கட்டினேன்னு அக்காகிட்டச் சொன்னேனே. பொறந்ததுல இருந்து கூட இருக்கிறவன் சொன்னா பத்தாது, பெயிண்டு வந்து சாட்சி சொல்லணும்னா, அப்புறம் அந்த வீட்டுல எனக்கு என்ன வேல? பெயிண்ட காட்டியிருந்தா அவ அன்னைக்கே என்னைய உள்ள கூப்டிருப்பா. எனக்கு அப்படி உள்ள போக வேணாம்."

டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்மேல் அவருக்குக் கோபம் கூட இல்லை. "நீங்க அந்நியன். நீங்க எதையும் செய்வீங்க," என்றார். என்னை அதை விடக் கேவலமாக யாரும் பேசியதில்லை.

ஆக, என் மீதான வழக்கை உங்கள் தம்பி எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டார். உங்கள் மீதான வழக்கு அப்படியே இருக்கிறது. என் வாக்குமூலத்தை அனுப்பினால் அவர் திரும்பி வருவார் என்று நினைத்தீர்கள். அவருக்கு அது தேவைப்படவே இல்லை. உங்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

படம் அன்றே விற்றுப்போனது. எடுத்துப் போகும்வரை அதை நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை. அதற்கும் உங்களைத்தான் குறை சொல்கிறேன்.

கிரஹாம் லோரிங்

*

ஈஸ்ட் கார்வர்
ஏப்ரல் 2

லோரிங்,

உன்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். என் நிலத்தில் உன் ஸ்டாண்டு இனி ஒரு நாளும் நிற்கக்கூடாது. சாலையில் நின்று வரைந்தாலும் நாயை விடுவேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் நின்றுதான் படித்தேன். நீ ஆசைப்பட்ட மாதிரியே வலித்தது. போதுமா? ஆர்லோ சொன்னதை அப்படியே எழுதினாய். அது ஒன்றுதான் நீ எனக்குச் செய்த நல்லது, அதையும் கெட்ட எண்ணத்தோடு செய்தாய். பாதி கேட்டவன் மீதியையும் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹேசலின் புருஷன் மாடுகளைப் பார்த்துக்கொண்டான். ஆர்லோ ஆலைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருக்கிறான். என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தான். இளைத்துப்போயிருக்கிறான். முடி நரைத்துவிட்டது.

"சாறு எறங்குற நேரத்துல இங்க என்னக்கா பண்ற?" என்றான்.

சொல்லிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது. "தப்பு எம்மேலதான்டா. நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்," என்றேன்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். "அந்தக் காலண்டர் வராம இருந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். என்றைக்காவது எனக்கே புரிந்திருக்கும், நானே தேடி வந்திருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"வராம இருந்திருந்தா, நீதான்னு நெனச்சுக்கிட்டே செத்துப் போயிருப்பேன்," என்றேன்.

அவன் உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு நானே போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். அவன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு சீவினான். பார்னியைப் பற்றிச் சொன்னேன். மேல் ஓடையில் பனி உடைந்ததைச் சொன்னேன். மூன்றாவது கம்பம் போன மாதம் சாய்ந்துவிட்டது என்றேன். "சாயும். அதுக்கடியில பாறை," என்றான். அவ்வளவுதான் பேசினான். ஊருக்கு வாடா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவன் சட்டையில் அறுந்து தொங்கிய இரண்டு பொத்தான்களைத் தைத்து வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் நின்று, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன். நீ தொறந்தாலும் சரி, தொறக்காட்டாலும் சரி," என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் கிழங்குத் தோலை வழித்து வாளியில் போட்டான். நான் பாதிப் படி இறங்கின பிறகுதான் குரல் வந்தது.

"வர்றதுன்னா விடிஞ்சதும் கெளம்புக்கா. வெயில் ஏறுனா பனி உருகி ரோடு பூரா சேறாயிடும்."

வெர்னா டட்டன்